வெயிலின் மேல் பழி

மோட்டார் இஞ்சினைப் பற்றிப் பேச ஒரு நாவலாசிரியனுக்கு என்ன அருகதை என்று நேயர்கள் கேட்கலாம். கேட்கட்டும். ராகம் தெரியாதவர்கள் சங்கீத விமரிசனம் எழுதுகிற ஊர் இது. சமையலறைப் பக்கம் எட்டிப் பாராதவர்கள் ரசத்தில் புளி தூக்கல் என்று தீர்ப்புச் சொல்கிற ஊர். நானோ மேற்கு மாம்பலத்தில், இரண்டு மெக்கானிக் ஷெட்டுகள் உள்ள தெருவில் குடியிருக்கிறவன். இரவு பத்து மணிக்கு மேலும் அங்கே உறுமுகிற இஞ்சின்களைக் கேட்டே தீர வேண்டியவன். காதை அடைத்துக்கொள்ள முடியாதபோது, விஷயத்தையாவது தெரிந்துகொள்ளலாம் அல்லவா? புஸ்தகங்களை வரவழைத்துப் படித்தேன். மெக்கானிக்குகளோடு மல்லுக்கு நின்றேன். அதற்குப் பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் பேட்டைப் பிள்ளைகள் சிலருக்குக் கார்ப் பந்தயத்தில் மோகம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சென்னைக்கு அது புதிதும் அல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஏற்பட்டது. சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில், பல வருஷங்கள் பந்தயம் நடந்தது. ஜனங்கள் திரள் திரளாகப் போய் வேடிக்கை பார்த்தார்கள். பிற்பாடு ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருங்காட்டுக்கோட்டையில், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு முறையான பந்தயப் பாதையே அமைந்துவிட்டது. ஒரு பழைய காரை வாங்கி, பின் ஸீட்டைக் கழற்றிப் போட்டு, இஞ்சினின் சக்தியைக் கூட்டி, அந்தப் பாதையில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் பையனை நான் மெச்சுகிறேன். தெருவில் பறந்து கிழவர்களைப் பதறவைப்பவனைவிட அவன் ஆயிரம் மடங்கு மேல்.

நான் குறை சொல்வது வேறொன்றை. ஆசையோடு போன பிள்ளை நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்புகிறது. காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேருகிறான். "என்னப்பா ஆயிற்று?" என்றால், "என்ன மாமா செய்யறது? மெட்ராஸ் வெயில் அப்படி!" என்கிறான். ஷெட்டுக்காரரும், "ஆமாம் சார், எல்லாம் வெயில்தான்" என்று ஒத்து ஊதுகிறார். இந்த வார்த்தையைத்தான் நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன்.

வெயிலுக்கு உள்ள பங்கை ஒளிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டுக்கும் வெளிக் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தே வெப்பம் வெளியேறும். தண்ணீர் 100 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சீமையில் காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 80. நம்மூர்க் கோடையில் காற்று 40 டிகிரி, வித்தியாசம் 60. ஆகவே அதே ரேடியேட்டர் இங்கே ஏறக்குறைய முக்கால் பங்கு வேலைதான் செய்யும். கால் பங்கு நஷ்டம் வெயிலின் கணக்கில் சேரும். வாஸ்தவம். ஆனால் இந்த நஷ்டம் என்ன, திடீரென்று வானத்திலிருந்து குதித்ததா? சித்திரையும் வைகாசியும் வருஷந்தோறும் தவறாமல் வருகின்றன. மாசம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டும் என்று அறிந்தவன், வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரரைப் பார்த்து ஆச்சரியப்படலாமா?

மீதிக் குற்றமெல்லாம் நம்முடையது. இஞ்சினில் எரிகிற பெட்ரோலின் சக்தியில் நல்ல நாளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியே புகையோடு போய்விடுகிறது. மிச்சமுள்ளது தண்ணீர், எண்ணெய், இஞ்சினின் உடம்பு இவற்றின் தலையில் விழுகிறது. சக்தியைக் கூட்டக் கூட இந்தச் சுமையும் கூடவே ஏறும். 50 குதிரைச் சக்தியை 80 ஆக்கித் தருகிறேன் என்று சொல்லும் ஷெட்டுக்காரர், அதிகப்படி வெப்பம் எந்த வாசல் வழியாக வெளியே போகும் என்று சொல்வதில்லை. பையனும் கேட்பதில்லை. குதிரைச் சக்தியைப் பற்றிச் சிநேகிதர்களிடம் பெருமை அடித்துக்கொள்ளலாம். ரேடியேட்டரைப் பற்றி என்ன பெருமை அடிப்பது?

முள் ஏறிய பிறகு செய்கிற வைத்தியம் இருக்கிறதே, அது நோயைவிடப் பொல்லாதது.

முதல் வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. தண்ணீர் 80-லிருந்து 90 டிகிரிக்குள் சூடானதும் திறந்து, ரேடியேட்டருக்கு வழிவிடும் சின்னக் கதவு அது. "இந்த ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று பிடுங்கிவிடுகிறார்கள். ஆனால் பல இஞ்சின்களில் அந்தக் கதவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரேடியேட்டருக்கு வழியைத் திறக்கும்போதே, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அது அடைக்கிறது. கதவைப் பிடுங்கினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி, ஆறாமலே மறுபடி இஞ்சினுக்குள் நுழையும். தெர்மோஸ்டாட் கெட்டுப் போயிருந்தால் புதியதைப் போடுங்கள். கதவு இறுகிவிட்டது என்பதற்காகக் கதவே இல்லாமல் குடித்தனம் நடத்துவார் உண்டா?

இரண்டாவது வைத்தியம், பானெட்டின் பின் விளிம்பில் வாஷர்களை வைத்துத் தூக்கிவிடுவது. கார் நிற்கும்போது அந்த இடுக்கில் அனல் கிளம்புவதைப் பார்த்து மகிழ்ந்து போகிறார்கள். வேகம் பிடித்ததும் நிலைமை தலைகீழ். முன் கண்ணாடியின் அடியில் காற்று மோதித் தேங்குகிறது. அங்கே அழுத்தம் அதிகம். அழுத்தம் மிகுந்த இடத்தில் வாசல் வைத்தால் காற்று வெளியே போகாது, உள்ளேதான் வரும். வந்து, ரேடியேட்டர் வழியாக வர முயலும் காற்றை எதிர்த்து நிற்கும். வாசல் வைக்கத்தான் வேண்டுமென்றால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன் பாதியில் வையுங்கள். காற்று வளைந்து விரைந்து ஓடும் இடம் அது. அங்கே அழுத்தம் குறைவு. அனல் தானே இழுபட்டு வெளியேறும்.

மூன்றாவது, பெரிய ரேடியேட்டர் வாங்குவது. அதில் தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்திவிடுவதில்தான் தப்பு. காற்றைப் போல் சோம்பேறி உலகத்தில் கிடையாது. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து பாடுபடுவதைவிட, பக்கத்து இடைவெளியில் நழுவிப் போவதே அதற்குச் சௌகரியம். அந்த இடைவெளிகளைத் தகடும் ரப்பரும் கொண்டு அடைக்க, குடும்பத்தோடு ஒரு வேளை ஹோட்டலுக்குப் போய் வருகிற செலவு ஆகுமா? அதைச் செய்ய ஆள் இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ரேடியேட்டர், காற்றில்லாமல் முன்னால் அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது.

நம் பாட்டன்மார்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. பழைய வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை எல்லாம் ஒரே நேராக இருக்கும். வாசலில் நுழைந்த காற்றுக்குக் கொல்லையில் வழி. மேலே எழும் அனலுக்கு முற்றத்தில் வழி. மேற்கு மாம்பலத்தில் அப்படிப்பட்ட வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறோம். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்துவிட்டுக் காற்றே வரவில்லை என்று புலம்புகிறோம். போக வழியில்லாத இடத்துக்குக் காற்று எப்படி ஐயா வரும்?

வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவோம் என்பவர்களுக்கும் சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஃப். டபிள்யூ. மெரிடித் என்பவர் 1935-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். காற்று சிறிய வாய் வழியாக நுழைந்து, விரிந்துகொண்டே போகும் குழாயில் வேகம் தணிந்து, ரேடியேட்டரை நிதானமாகக் கடந்து, சூடேறி, குறுகிய வாசல் வழியாக வேகத்தோடு வெளியேற வேண்டும். அப்படிச் செய்தால், ரேடியேட்டரால் விமானத்துக்கு ஏற்படும் இழுவையில் பெரும் பகுதியை ஈடு கட்டிவிடலாம் என்றார். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் விமானங்கள் இந்தத் தத்துவத்தைப் பயன்படுத்திக்கொண்டன. உள்ளே வரும் வழியைப் போலவே வெளியே போகும் வழியும் முக்கியம் என்பது, யுத்த காலத்திலேயே நிலைநாட்டப்பட்ட பாடம். அது இன்னும் எங்கள் தெரு ஷெட்டுக்கு வந்து சேரவில்லை.

தண்ணீரைப் பற்றியாவது பேசுகிறார்கள். எண்ணெயை அடியோடு மறந்துவிடுகிறார்கள். பல கார்களில் எண்ணெயின் சூட்டைக் காட்ட முள்ளே கிடையாது. தண்ணீர் முள் சாதுவாக நின்றுகொண்டிருக்கும்போதே எண்ணெய் 130 டிகிரியைத் தாண்டி, கஞ்சித் தெளிவுபோல் நீர்த்து, பேரிங்குகளைக் கைவிட்டுவிடலாம். பந்தயப் பாதைக்குப் போகிற காருக்கு ஆயில் கூலரும், எண்ணெய்ச் சூட்டுக்கு ஒரு முள்ளும் ஆடம்பரங்கள் அல்ல. பெரிய சைலன்ஸர்தான் ஆடம்பரம்.

"கொதித்தால் அவன் கார், அவன் பணம், உமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். பணம் அவனுடையது அல்ல. பல வீடுகளில் அது அம்மாவின் வளையல். சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விட்டால் அந்த வளையல் திரும்பி வராது. கை மட்டும் அவனுடையதுதான். ஆனால் கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை ஆத்திரத்தில் திறந்து, அழுத்தத்தில் அடங்கியிருந்த தண்ணீர் சீறியடித்துக் கை வெந்துபோன பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் ஒருவன் வருகிறான். இந்தக் கார் வளைவில் கொட்டிய தண்ணீரிலும் எண்ணெயிலும் அவன் சக்கரம் வழுக்கும். அவனுக்கும் வீட்டில் ஓர் அம்மா காத்துக்கொண்டிருப்பாள். கூலண்டில் சேர்க்கும் கிளைக்காலைப் பல பந்தய அமைப்புகள் தடை செய்திருப்பது எதனால்? அது பாதையில் சிந்தினால் பொல்லாத வழுக்கல் என்பதனால்தான்.

ஷெட்டுக்காரரின் கட்சியையும் கேட்டேன். "பையன் கேக்கறது பவர் சார். நான் ரேடியேட்டர், காத்துன்னு பேசினா அடுத்த ஷெட்டுக்குப் போயிடுவான்" என்றார். போகட்டுமே! நோயாளி கேட்கிறான் என்பதற்காக மருந்தை அள்ளிக் கொடுப்பவரை நாம் வைத்தியர் என்று சொல்வதில்லை. வெப்பம் போக வழி செய்த பிறகே சக்தியைக் கூட்டுவேன் என்று மேற்கு மாம்பலத்து ஷெட்டுகள் ஒன்றுகூடிச் சொன்னால், பையன் எந்த ஷெட்டுக்கு ஓடுவான்?

பணம் கொடுக்கிற தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. இஞ்சினின் உள் விவகாரங்கள் உங்களுக்குத் தெரிய வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே போகிற காற்று எந்த வழியாக வெளியே வரும்?" பதில் வந்தால் பணத்தை எடுங்கள். பதிலுக்குப் பதில் வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தால், பர்ஸை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்குச் செலவில்லாத யோசனை ஒன்று. இரண்டு சுற்று வேகமாகப் போனால் ஒரு சுற்று மெதுவாகப் போங்கள். வந்து நின்றதும் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிடாதீர்கள். பம்ப் நின்றால், உலோகத்தில் தங்கியிருக்கும் சூடு முழுவதும் அசையாத தண்ணீரில் இறங்கிக் கொதிக்க வைக்கும். சற்று நேரம் ஓடவிட்டு ஆற விடுங்கள். அந்த நேரத்தில், அடுத்த மாசத்துக் காசில் எதை முதலில் வாங்குவது என்று யோசியுங்கள். வெயில் அடுத்த வருஷமும் வரும். நீங்கள்தான் தயாராக வர வேண்டும்.