எஸ்பிஎம் ஆங்கிலம்: சொல் தெரிந்தும் விடை தவறுவது ஏன்?

கோல சிலாங்கூர் பக்கம், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஜெராம் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் மூன்றாவது மொழி. தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய். ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவுதான்.

எஸ்பிஎம் 2021 முதல் ஆங்கிலத் தேர்வு, சிஇஎஃப்ஆர் எனும் ஐரோப்பிய அளவுகோலுக்கு மாறியது. முதல் தாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு 40 கேள்விகள். அதில் 4-ஆம் பகுதிதான் வில்லங்கம். கட்டுரையிலிருந்து 6 வாக்கியங்களை எடுத்துவிடுவார்கள். கொடுக்கப்பட்ட 8-இல் சரியானதைப் பொருத்தணும். இங்கே சொற்பட்டியல் மனப்பாடம் கைகொடுக்காது. 'திஸ்', 'தே', 'ஹவெவர்' போன்ற சின்னச் சொற்கள் முன்வரியில் எதைச் சுட்டுகின்றன என்பதுதான் துப்பு.

இன்னொரு சிக்கல் வாக்கிய அமைப்பு. தமிழில் 'நேற்று வந்த ஆசிரியர்' என்கிறோம். விளக்கம் முன்னால், ஆள் பின்னால். ஆங்கிலத்தில் தலைகீழ்: 'தி டீச்சர் ஹூ கேம் யெஸ்டர்டே'. நீளமான வாக்கியத்தில் யார் என்ன செய்தார் என்பதே குழம்பிவிடும்.

ஆனால் மலாயைப் பாருங்க: 'குரு யாங் டாத்தாங் செமாலாம்'. அதே ஆங்கில வரிசை! 'யாங்' வரும் இடத்தில்தான் 'ஹூ' வருகிறது. படிவம் 5 மாணவருக்கு இது ஏற்கெனவே பழகிய பாதை. ஆங்கில டியூஷனில் மலாய் பேசினால் முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தமிழ்க் கருத்துணர்தலிலும் 'அது எதைக் குறிக்கிறது?' என்று கேட்டுப் பழக்கலாம். தேடும் பழக்கம் ஒன்றுதான், மொழி மட்டும் வேறு.