யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார்?

2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 125, எதிர்ப்பு 105 என்று முடிவு அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 20 வாக்குகள். பதினோரு பேர் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும். ஆதரித்தவர்களில் அதிமுக உறுப்பினர்களும் பாமகவின் ஒரே மாநிலங்களவை உறுப்பினரும் இருந்தார்கள்.

அந்தக் கணக்கு டெல்லியோடு முடியவில்லை. 2020 தொடக்கத்தில் சென்னை வண்ணாரப்பேட்டையில் போராட்டம் நடந்தபோதும், அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் மேடைகளிலும் அந்த வாக்குகள் எண்ணிக்கையோடு பேசப்பட்டன. ஆதரித்து வாக்களித்த அதிமுகவே, இந்தச் சட்டத்தைக் கைவிடுமாறு மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தர நேர்ந்தது. மசோதாவை ஒருவர் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். ஆனால், தங்கள் பெயரால் டெல்லியில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்க மக்களிடம் ஓர் ஆதாரம் இருந்தது. வாக்குகள் பெயரோடு பதிவானதுதான் அந்த ஆதாரம்.

ஒன்பது மாதம் கழித்து அதே அவையில் வேறொரு காட்சி. 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. வேளாண் மசோதாக்களில் இரண்டு விவாதத்துக்கு வந்தன. அவற்றைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திமுகவின் திருச்சி சிவா, மார்க்சிஸ்ட் கட்சியின் கே.கே.ராகேஷ், திரிணமூல் காங்கிரஸின் டெரெக் ஓ பிரையன் ஆகியோர் தீர்மானம் கொடுத்திருந்தார்கள். டிவிஷன், அதாவது பெயர் பதியும் வாக்கெடுப்பு, வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அவையை நடத்திய துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அதை ஏற்காமல், குரல் வாக்கெடுப்பிலேயே மசோதாக்கள் நிறைவேறியதாக அறிவித்தார்.

டிவிஷன் கேட்பவர் தன் இருக்கையில் இருக்க வேண்டும், அப்படி இருக்கவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. சிவாவும் ராகேஷும் கேட்ட நேரத்தில் இருக்கையிலேயே இருந்ததை, அவையின் காணொளிப் பதிவை ஆராய்ந்த 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழ் சுட்டிக்காட்டியது. அவையில் ஒழுங்கும் நிலவவில்லை என்பது துணைத் தலைவரின் பதில். மறுநாள் அமளிக்காக எட்டு எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

மாநிலங்களவையில் பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லாத காலம் அது. வேறு கட்சிகள் எப்படி வாக்களித்திருக்கும் என்பதில்தான் விஷயமே இருந்தது. அதிமுகவின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியன் அவையில் அந்த மசோதாக்களைக் கடுமையாகக் குறைகூறிப் பேசினார். அவர் கட்சியைச் சேர்ந்த அன்றைய தமிழக முதல்வரோ அவற்றை ஆதரித்தார். கடைசியில் அந்த உறுப்பினரும் அவர் சகாக்களும் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார்கள்? நாடாளுமன்ற ஆவணங்கள் எதிலும் அதற்குப் பதில் இல்லை. ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்து எதிர்த்துப் போராடிய சட்டங்களுக்கு மாநிலங்களவையில் யார் யார் ஒப்புதல் தந்தார்கள் என்ற பட்டியல் கிடையாது. 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா இரு அவைகளிலும் ஒரே நாளில், விவாதம் இல்லாமல், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வந்ததற்கும் பட்டியல் இல்லை, போனதற்கும் இல்லை.

குரல் வாக்கெடுப்பின் நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏற்போர் 'ஆம்' என்க, மறுப்போர் 'இல்லை' என்க என்று அவைத் தலைவர் கேட்பார். இரு தரப்பும் குரல் எழுப்பும். எது ஓங்கி ஒலித்ததாக அவருக்குத் தோன்றுகிறதோ அதுவே முடிவு. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் வேலை முடிந்தது. ஆட்சேபம் எழுந்தால், மக்களவை விதி 367-இன்படி வெளிக்கூடத்தைக் காலிசெய்ய உத்தரவிடுவார். மூன்றரை நிமிடம் கழித்துக் கேள்வியை மறுபடி வைப்பார். அப்போதும் ஆட்சேபம் நீடித்தால் டிவிஷன். உறுப்பினர்கள் பொத்தானை அழுத்துவார்கள், பெயர் பதிவாகும். ஆனால், அந்த விதியிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. டிவிஷன் தேவையின்றிக் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணிவிடலாம். அப்போது பெயர்கள் பதிவாகாது.

அரசமைப்புச் சட்டத்தின் 100-ஆவது கூறு, வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையால் முடிவெடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அந்தப் பெரும்பான்மையை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அரசமைப்புத் திருத்தம் வேறு வகை. அங்கே மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கு என்ற இரண்டு கணக்கும் தேறியாக வேண்டும் என்பதால் டிவிஷன் கட்டாயம். மற்றச் சட்டங்களுக்கு அது அவைத் தலைவரின் காதையும் மனத்தையும் பொறுத்தது. நடைமுறைக் குறைபாட்டைக் காட்டி நாடாளுமன்ற நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 122-ஆவது கூறு தடுக்கிறது. ஆக, டிவிஷன் மறுக்கப்பட்டால் முறையிட வேறு இடம் இல்லை.

எண்ணிப் பார்த்தால் என்னென்ன நடக்கும் என்பதற்கு நம் நாடாளுமன்ற வரலாற்றிலேயே அசாதாரணமான சான்றுகள் உண்டு. 1970 செப்டம்பரில் மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்த மசோதாவை இந்திரா காந்தி அரசு கொண்டுவந்தது. மக்களவையில் 332–154 என்று தேறிய மசோதா, மாநிலங்களவையில் 149–75 என்று வந்து நின்றது. வாக்களித்தவர்கள் 224 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு முழு வாக்குகூட இல்லை. வாக்கின் மூன்றில் ஒரு பங்கில் மசோதா தோற்றது. அடுத்த ஆண்டு புதிய மக்களவை அமைந்த பிறகுதான் 26-ஆவது திருத்தத்தின் வழியே மானியம் ஒழிந்தது.

1999 ஏப்ரல் 17 தமிழ் வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் அரசு மக்களவையில் நம்பிக்கை கோரியது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒடிசா முதல்வராகிவிட்ட பிறகும் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்த காங்கிரஸின் கிரிதர் கமாங் வந்து வாக்களித்தார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சிக் கட்டளையை மீறி அரசுக்கு எதிராக வாக்களித்தார். அந்த இரண்டு பெயர்களும் கால் நூற்றாண்டு கடந்தும் விவாதிக்கப்படுகின்றன. அன்று குரலை வைத்து முடிவு செய்திருந்தால் எந்தப் பக்கம் வென்றதென்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

குரல் வாக்கெடுப்பை ஒரு கட்சியின் பாவமாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. 2014 பிப்ரவரி 18 அன்று ஆந்திரத்தைப் பிரித்துத் தெலங்கானாவை உருவாக்கும் மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். ஐந்து நாள் முன்பு அவைக்குள் மிளகுப்பொடி ஸ்பிரே அடிக்கப்பட்டிருந்தது. அன்றைய நேரலை ஒளிபரப்பும் இடையில் நின்றுபோனது. கோடிக்கணக்கான மக்களின் மாநிலத்தை இரண்டாக்கிய முடிவில் தம் தொகுதி உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்க அந்த மக்களுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் இல்லை. 2018 மார்ச்சில் எதிர்க்கட்சிகளின் கூச்சலுக்கு நடுவே நிதி மசோதா விவாதமின்றி மக்களவையில் நிறைவேறியது. அரசியல் கட்சிகள் 1976 முதல் பெற்ற வெளிநாட்டு நன்கொடைகளுக்கு முன்தேதியிட்டுப் பாதுகாப்பு தரும் திருத்தம் அதற்குள் இருந்தது. பெரிய கட்சிகள் பலவற்றுக்கும் வசதியான திருத்தம் அது.

2023 டிசம்பரில் நடந்தது இன்னும் கவலை தருகிறது. இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அந்த நிலையில், 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்களுக்கு மாற்றான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஒரு சாதாரண குடிமகனைக் காவல் நிலையம் எப்படி நடத்தலாம், நீதிமன்றம் எப்படித் தண்டிக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் சட்டங்கள் அவை. பெரும்பான்மை ஆளுங்கட்சியிடமே இருந்தது. டிவிஷன் நடந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனாலும், ஒவ்வொருவரும் தம் பெயரை அந்தச் சட்டங்களின் கீழ் எழுதியிருக்க வேண்டும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு ஒன்று உண்டு. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி பறிபோகலாம். கட்சி சொன்னபடிதான் எல்லோரும் வாக்களிக்கப் போகிறார்கள் என்றால் பெயரைப் பதிந்து என்ன பயன் என்பார்கள். மேலோட்டமாகச் சரியாகத் தெரியும் இந்த வாதம், கட்சிகளே என்ன செய்கின்றன என்பதைப் பார்க்க மறுக்கிறது. முத்தலாக் தடை மசோதா 2019 ஜூலையில் மக்களவையில் 303–82 என்று நிறைவேறியபோது அங்கே அதிமுகவுக்கு இருந்த ஒரே உறுப்பினர் அதை ஆதரித்தார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தது. ஐக்கிய ஜனதா தளமும் வெளியேறியது. வந்திருந்து வாக்களிப்போரின் எண்ணிக்கை குறைந்தால் தேவையான பெரும்பான்மையும் குறையும். 99–84 என்று மசோதா தேறியது. எதிர்ப்பதாகப் பேசிக்கொண்டே மசோதா நிறைவேற வழிவிடும் உத்தியை அம்பலப்படுத்துவது அந்த எண்கள்தான். அவை இல்லாவிட்டால் கட்சியின் பேச்சு மட்டுமே மிஞ்சும்.

கொறடா இல்லாத தருணங்களும் வருகின்றன. 2025 ஏப்ரலில் வக்பு திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது பிஜு ஜனதா தளம் கொறடா உத்தரவு போடாமல் உறுப்பினர்களின் மனசாட்சிக்கே விட்டது. 128–95 என்று வந்த முடிவில் அந்தக் கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் என்பதை ஒடிசா மக்கள் விவாதிக்க முடிந்தது. 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்வதற்கே டிவிஷன் கேட்கப்பட்டது. 269–198 என்ற முடிவு, அரசமைப்புத் திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கிலிருந்து அரசு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை நாட்டுக்குக் காட்டியது. அந்த ஒரு தகவல் பல மணி நேரத் தொலைக்காட்சி விவாதங்களைவிட மதிப்பு மிக்கது.

நேரம் வீணாகும் என்பது அடுத்த மறுப்பு. தானியங்கி வாக்குப் பதிவு முறை நம் மக்களவைக்குப் புதிதல்ல. மணி அடித்து, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தச் சில நிமிடங்கள் போதும். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்குப் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் காகிதச் சீட்டு கொடுத்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். 454–2 என்று முடிவு வந்தது. சீட்டு முறையே சாத்தியம் என்றால் பொத்தான் முறைக்கு என்ன தடை? பிரிட்டன் மக்களவையில் உறுப்பினர்கள் இன்றும் இருக்கையை விட்டு எழுந்து, பக்கவாட்டுக் கூடங்கள் வழியே நடந்து சென்று வாக்களிக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் 1836 முதல் அதிகாரபூர்வமாக வெளியிடப்படுகின்றன. அமெரிக்க அரசமைப்பு, வந்திருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயர் வாரியாக வாக்குகளைப் பதிந்தே ஆக வேண்டும் என்கிறது. அங்கே அவைத் தலைவர் நினைத்தாலும் அதைத் தடுக்க முடியாது.

இந்தியாவில் மசோதாவைக் குழுவுக்கு அனுப்பிப் பரிசீலிக்கும் பழக்கமும் தேய்ந்துவருகிறது. 17-ஆவது மக்களவைக் காலத்தில் 16 சதவீத மசோதாக்களே குழுக்களுக்குப் போயின என்று பிஆர்எஸ் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குழுவில் அலசாமல், அவையில் போதிய நேரம் பேசாமல் வரும் சட்டத்துக்குக் கடைசிப் பாதுகாப்பு வாக்கெடுப்புதான். அதுவும் கூச்சலின் அளவைக் கேட்டு முடிவாகிறது என்றால் பிரதிநிதித்துவம் என்று சொல்ல என்ன மிச்சம்?

எதிர்க்கட்சிகளுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. அவையின் மையப்பகுதியில் இறங்கி முழக்கமிடும்போது டிவிஷன் கேட்கும் உரிமையைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள். இருக்கைக்குத் திரும்பி, ஆட்சேபித்து, பெயரைப் பதியச் செய்வது அன்றைய செய்தியில் சிறிதாகத் தெரியலாம். பத்தாண்டு கழித்து ஆவணத்தைப் புரட்டுபவருக்கு அதுதான் கிடைக்கும்.

செய்ய வேண்டிய திருத்தம் சிறியது. சட்டம் எதுவும் இயற்ற வேண்டாம். இரு அவைகளின் நடைமுறை விதிகளை மாற்றினால் போதும். ஒரு மசோதாவை நிறைவேற்றும் இறுதிக் கட்டத்தில் டிவிஷன் கட்டாயம் என்றும், மற்றக் கட்டங்களில் தன் இருக்கையில் இருந்து ஒரே ஓர் உறுப்பினர் கேட்டாலும் மறுக்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். முடிவை அன்றே தொகுதி வாரியாக, தமிழ் உள்ளிட்ட எல்லா மொழிகளிலும் தேடிப் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வராதவர், வாக்களிக்காமல் இருந்தவர் பெயர்களும் அதில் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு மக்களவைக்கு 39 பேரையும் மாநிலங்களவைக்கு 18 பேரையும் அனுப்புகிறது. அடுத்த முறை உங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாலை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்: எந்தெந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தீர்கள், டிவிஷன் மறுக்கப்பட்ட நாளில் அவையில் இருந்தீர்களா, இந்த விதியை மாற்றக் குரல் கொடுப்பீர்களா?