ரெண்டு போதாதா?

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கம்பெனியில் அவரைக் கனடாவுக்கு அனுப்புகிறார்களாம். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, ரசப்பொடி, ஆவக்காய் எல்லாம் வாங்கியாகிவிட்டதாம். 'வேறு ஏதாவது முக்கியமாகக் கவனிக்க வேண்டுமா?' என்று கேட்கிறார்.

வேண்டும் ஸார். டயர்.

சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவன்தான்.

நான் 2013 மே மாதம் டொராண்டோவில் போய் இறங்கினேன். மே மாதத்தில் கனடா ஒரு ஊட்டி மாதிரி ஆளை ஏமாற்றும். எங்கே பார்த்தாலும் பூ. 'இதற்கா இத்தனை பயமுறுத்தினார்கள்?' என்று தோன்றும். ஆகஸ்டில் ஒரு செகண்ட்ஹாண்ட் கார் வாங்கினேன். அக்டோபர் பிறந்ததும் ஆபீஸில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள்: "டயர் மாத்தியாச்சா?" நம் ஊரில் 'தீபாவளிக்கு டிக்கெட் போட்டாச்சா?' என்று கேட்பார்களே, அதே பதற்றம்.

டயர் தேய்ந்தால்தானே மாற்ற வேண்டும்? என் டயரில் பட்டன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சந்தேகம் தீர, ஸ்கார்பரோவில் கராஜ் வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் போனேன். அவர் டொராண்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதுவார். டயரை 'ரயர்' என்பார். முதல் பத்து நிமிஷம் அவர் ரயிலைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உதிலை போட்டிருக்கிறது ஓல் சீசன் ரயர். ஸ்நோவுக்குச் சரிவராது."

"ஆல் ஸீஸன்னா எல்லா ஸீஸனுக்கும்தானே அண்ணே?"

"அப்பிடி எழுதினவன் புளோரிடாவிலை இருந்து எழுதியிருப்பான்."

பிறகு பொறுமையாக விளக்கினார். மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் என்ன ஆகும்? ஒரு சொட்டு வராது. டயர் ரப்பர் அப்படி உறைவதில்லை. ஆனால் குளிரில் விறைத்துப்போகும். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயர் இறுக ஆரம்பிக்கிறது. இறுகிய ரப்பர் ரோட்டின் மேடு பள்ளத்தில் பதியாது. பதியாவிட்டால் பிடிப்பு இல்லை. குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. சிலிக்கா மாதிரி சங்கதிகளைச் சேர்த்துக் கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்திருப்பார்கள். அதன் பட்டன்கள் மேல் பிளேடால் கீறின மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு வெட்டின் ஓரமும் பனியை நகம் மாதிரி பிறாண்டிப் பிடிக்கும்.

எல்லாம் புரிந்தது. விலையைக் கேட்டேன். இரும்பு ரிம்மோடு நாலு டயர் 800 டாலர்.

புதிதாக வெளிநாடு போனவனுக்கு மண்டைக்குள் ஒரு கால்குலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 47,000 ரூபாய். என் அப்பா ஆயுள் முழுக்க ஓட்டிய ஸ்கூட்டரின் விலையே அதில் பாதிகூட இல்லை. அதுவும் வருஷத்தில் நாலைந்து மாசம் மட்டும் போட்டுக் கழற்றி வைக்கிற டயருக்கு!

"அண்ணே, என் காரில் முன் சக்கரம்தானே இழுக்குது? முன்னாடி மட்டும் ரெண்டு போட்டா போதாதா?"

அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஒண்டில் நாலு. இல்லாட்டில் ஒண்டும் வேண்டாம். ரெண்டு போடுறதெண்டால் நான் போடமாட்டன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வியாபாரத் தந்திரம் என்று தீர்மானித்து வேறொரு கடைக்குப் போனேன். அங்கே கேள்வி கேட்காமல், பழைய குளிர்கால டயர் ரெண்டு, 150 டாலருக்கு மாட்டிவிட்டார்கள். 650 டாலர் லாபம்! வழியில் டோநட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி அப்போது ஐந்து மாத கர்ப்பிணி. "டயர் மாத்தியாச்சாங்க?" என்றாள்.

"மாத்தியாச்சு."

பொய்யில்லை. எத்தனை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குருக்ஷேத்திரத்தில் தருமர் 'அசுவத்தாமன் இறந்தான்' என்று உரக்கச் சொல்லிவிட்டு 'யானை' என்பதை முணுமுணுத்தாரே, அந்த ரகம். நான் முணுமுணுக்கக்கூட இல்லை.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, டொராண்டோவில் பெரிய பனிக்கட்டி மழை. மரக்கிளை, மின் கம்பி எல்லாவற்றுக்கும் கண்ணாடி உறை போட்ட மாதிரி ஐஸ் படிந்து, நகரில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருண்டு போயின. அன்று காரையே எடுக்காததால் தப்பித்தேன். ஜனவரி முதல் வாரம் மைனஸ் 20-க்கும் கீழே போனது. அதிலும் வண்டி ஓடியது. 'பார்த்தாயா, ரெண்டே போதும்' என்று ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தேன்.

எனக்குத் தெரியாத பெளதிகம் ஒன்று உண்டு. கடுங்குளிரில் இருக்கும் ஐஸைவிட, பூஜ்யம் டிகிரியை ஒட்டிய ஐஸ்தான் அதிகம் வழுக்கும். அதன் மேல் மெல்லியதாக ஒரு தண்ணீர்ப் படலம் நிற்கும். எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி. குளிர் தணிந்ததே என்று நாம் சந்தோஷப்படுகிற நாள்தான் கார் சந்தி சிரிக்கிற நாள்.

அப்படிக் குளிர் தணிந்த ஒரு காலை. ஆஸ்பத்திரியில் மனைவிக்கு ஸ்கேன். ஏழாவது மாதம். ஒரு சின்ன இறக்கத்தில், நாற்பதுக்கு மேல் போகாமல், உத்தமனாகத்தான் ஓட்டினேன். கீழே சிக்னல். லேசாக பிரேக்கைத் தொட்டு வலது பக்கம் திருப்பினேன். முன் சக்கரம் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பின. பின் சக்கரங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அவை நேரே போயின. அடுத்த கணம் கார் தட்டாமாலை சுற்றியது. முன்னால் கடை, கம்பம், வானம், மறுபடி கடை. நின்றபோது வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எதிரே ஒரு டவுன் பஸ். இருபது அடியில் நின்றுவிட்டது.

பஸ் டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, 'நலமா?' என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ஆட்டினது நானா, நடுக்கமா தெரியாது. மனைவி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத் துடிப்பு ஸ்பீக்கரில் குதிரை ஓடுகிற மாதிரி கேட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"டயர் மாத்தியாச்சுன்னீங்களே?"

"மாத்தினேன்... முன்னாடி ரெண்டு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"குழந்தை ஸீட் பின்னாடிதானே மாட்டணும்?" என்றாள்.

அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கேட்ட கேள்விகளில் பதில் இல்லாதது அது ஒன்றுதான்.

நேரே அண்ணன் கராஜுக்குப் போனேன். 'அப்பவே சொன்னேனே' என்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் காரைக்கூடப் பார்க்கவில்லை. "பிள்ளை சுகமோ?" என்றார். "சுகம்" என்றதும் ஜாக்கியை எடுத்தார்.

மாட்டிக்கொண்டே சொன்னார்: பிரேக் போடும்போது காரின் பாரம் முன்னால் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. லேசான பின்பக்கத்தில் விறைத்த ரப்பர், கனமான முன்பக்கத்தில் பிடிக்கிற ரப்பர் என்றால், வால் தலையை முந்தப் பார்க்கும். நாலும் மோசமாக இருந்தால் கார் மெதுவாகவாவது போவோம். ரெண்டு நல்லது, ரெண்டு மோசம் என்றால் ஓட்டுகிறவனுக்குத் தப்பான தைரியம் வரும். நாலு சக்கர டிரைவ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் அவர் சொல்வது இதேதான்: "கிளம்புறதுக்குத்தான் அது உதவும் தம்பி. நிக்கிறதுக்கு ரயர்தான்."

அம்பத்தூர் வாசகரே, அன்றிலிருந்து அவரிடம் நான் கற்றதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துளிப் பூ - இந்தப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த டயர் பனியில் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். அது பட்டனின் அமைப்பைச் சொல்கிறது. பரீட்சை எழுதிப் பாஸானதாக அர்த்தமில்லை.

பழைய டயர் வாங்கினால் 'டாட்' என்ற எழுத்துக்களோடு வரும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 3519 என்றால் 2019-ம் வருஷம் 35-வது வாரம் பிறந்தது. ஜாதகம் பார்க்காமல் பெண் எடுத்தாலும் எடுங்கள், டயர் எடுக்காதீர்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டம் விட்டுவிடும், பனி விடாது. அதற்கு ஐந்து மில்லிமீட்டராவது வேண்டும்.

அகலமான டயர் கம்பீரமாக இருக்கும். ஆழமான பனியில் அது மேலே மிதக்கும். கொஞ்சம் ஒல்லியான டயர் கத்தி மாதிரி பனியை வெட்டிக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும். கார் புத்தகத்தில் அனுமதித்த அளவுக்குள் ஒல்லியானதைக் கேளுங்கள். தனி இரும்பு ரிம்மில் மாட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஸீஸனுக்கும் டயரைப் பிரித்துப் பூட்டுகிற கூலி மிச்சம். மாட்டின பிறகு நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டை ஒரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும். ஐந்தாறு டிகிரி குளிர் கூடினால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும், ஆகவே மாசா மாசம் காற்று பாருங்கள். ஏப்ரலில் கழற்றிவிடுங்கள். அந்த மெத்தென்ற ரப்பர் வெயிலில் வேகமாகக் கரையும்.

ஆணி பதித்த டயர் போடலாமே என்று கேட்பீர்கள். ஒன்டாரியோவில் வடக்கே இருப்பவர்களுக்குத்தான் அனுமதி, டொராண்டோவில் கிடையாது. ரோட்டைச் சுரண்டிவிடும். ஜப்பானில் ஸென்டாய் நகரத்தில் ஆணி டயர்கள் தாரைத் தூளாக்கிக் கிளப்பிய புழுதியால் மக்கள் மூச்சு முட்டி, 1990-ல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது. அதனால்தான் ஆணி இல்லாமலே ஐஸைப் பிடிக்கும் ரப்பரைத் தேடி ஜப்பானியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1988-ல் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி கொண்டுவந்த பிளிஸாக் டயரின் ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்த வழுக்குகிற தண்ணீர்ப் படலத்தை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிவிடும். இந்த விஷயத்தில் மூத்த அண்ணன் பின்லாந்து. அங்கே 1934-லேயே லாரிக்குக் குளிர்கால டயர் செய்துவிட்டார்கள்.

பக்கத்து மாகாணம் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடாவிட்டால் அபராதம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்; கேட்காமல் தருகிற கம்பெனி எந்த நாட்டிலும் இல்லை.

அந்த வருஷம் மார்ச் கடைசியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றும் பனி பெய்தது. நாலு டயரிலும் வந்தாள்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒவ்வொரு நவம்பரிலும் அண்ணன் கராஜிலிருந்து நான் திரும்பியதும், வாசலுக்கு ஓடிவந்து காரைச் சுற்றி ஒரு ரவுண்டு நடக்கிறாள். ஒவ்வொரு சக்கரத்திலும் குனிந்து மலைப் படத்தைத் தேடி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று உரக்க எண்ணுகிறாள். எண்ணி முடித்ததும் உள்ளே பார்த்து, "சரியா இருக்கும்மா!" என்கிறாள்.

என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.