சூளைக்கு ஒரு ஞாயிறு
மாதம் ஒரு ஞாயிறு கேமராவும் கையுமாகக் கூட்டமாகக் கிளம்புவது நல்ல பழக்கம். மதராஸில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் இருந்தது. அந்தப் பத்தாண்டிலேயே லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படமெடுத்தார். இன்றைய குழுக்களும் கோயில், கடற்கரை, பறவை என்றுதான் போகின்றன. ஒருமுறை நல்லூர், விருத்தாசலம் பக்கம் வாருங்கள். விருத்தாசலம் பீங்கான் சூளைகளின் ஊர். பொம்மைப் பட்டறையில், பிளாஸ்டர் அச்சைப் பிரித்ததும் ஈரப் பொம்மையின் ஓரப் பிசிறை ஒரு பெண் ஸ்பாஞ்சால் துடைப்பார். வெள்ளைக் களிமண் அவர் கைரேகைகளில் காய்ந்திருக்கும். அந்த விரல்களைப் படமெடுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. அடுத்த மாதம் வரும்போது பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். கண்காட்சியெல்லாம் அப்புறம் இருக்கட்டும்.