கேள்வி - பதில்: உப்பு மூட்டைக் கணக்கு

“எங்கள் மகளிர் குழுவில் அம்பாரத்து உப்பை வாங்கி அரைத்து, அயோடின் சேர்த்து, 1 கிலோ பாக்கெட்டுகளாகப் போடுகிறோம். 25 பாக்கெட் ஒரு மூட்டை. மாலையில் நோட்டில் எழுதும் மூட்டைக்கும் குடோனில் இருப்பதற்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை. பாக்கெட்டில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் சரியாகுமா?”

- வாசகி, மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்.

ஆகாது. பாக்கெட்டில் உள்ள 13 இலக்க எண், எந்த நிறுவனத்தின் எந்தப் பொருள் என்பதை மட்டுமே சொல்லும். தை மாதம் போட்ட பாக்கெட்டிலும் ஆடியில் போட்டதிலும் ஒரே எண்தான் இருக்கும். பில் போடும் கடைக்காரருக்கு அது போதும். உங்களுக்கு வேண்டியது மூட்டைக்கு மூட்டை மாறும் எண்.

மூட்டை மீது ஒட்டும் லேபிளில் பொருள், எடை, பேட்ச் எண், தேதி, அந்த மூட்டைக்கே உரிய வரிசை எண் ஆகியவற்றை எழுத்திலும் க்யூ.ஆர். கோடாகவும் அச்சிடுங்கள். செல்போன் கேமராவே அதைப் படிக்கும், தனிக்கருவி வேண்டாம். ஸ்கேன் செய்ததும் அந்த பேட்ச்சில் ஒரு மூட்டை இருப்பில் ஏற வேண்டும்.

எப்போது ஸ்கேன் செய்கிறோம் என்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். காலையிலேயே 100 லேபிள் அச்சடித்து, மேஜையில் வைத்தபடியே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுவார்கள். மாலையில் 93 மூட்டைதான் தைத்திருப்பார்கள்; செல்போனோ 100 என்று காட்டும். அதற்கு உங்கள் பழைய நோட்டே மேல்! மூட்டையைத் தைத்து, எடை பார்த்து, லேபிள் ஒட்டி, குடோன் வாசலைத் தாண்டும்போது மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். கிழிந்த மூட்டையை மாற்றிக் கட்டினால் பழைய எண்ணை ரத்து செய்து, புது எண் கொடுங்கள்.

மென்பொருள் வாங்கும் முன், விற்பவர் எதிரிலேயே ஒரே லேபிளை இருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். இரண்டாம் முறையும் ஏற்றுக்கொண்டால் அது வேண்டாம்.

லாரியில் ஏற்றும்போதும் ஸ்கேன் செய்து, எந்தக் கடைக்கு என்று பதியுங்கள். கடையில் விற்கும் அயோடின் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும். மாதிரி எடுத்துச் சோதித்து ஒரு பேட்ச்சில் குறைவு என்று வந்தால், அந்த பேட்ச் போன கடைகளில் மட்டும் திருப்பி எடுக்கலாம். பதிவு இல்லையென்றால் அந்த மாதம் அனுப்பியது மொத்தமும் திரும்பி வரும். சிறு குழுவால் அதைத் தாங்க முடியாது.

மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதாக இருந்தால், செல்போன் காட்டும் எண்ணிக்கையை அன்றன்றே தைத்தவரிடம் காட்டிவிடுங்கள். வார முடிவில் காட்டினால் சண்டைதான் மிஞ்சும்.

பில் ரசீது போன்ற காகிதத்தில் லேபிள் அச்சடிக்காதீர்கள். வெயிலிலும் உப்பு ஈரத்திலும் எழுத்து போய்விடும். பிளாஸ்டிக் லேபிளில் ரிப்பன் அச்சு நிற்கும். செல்போனுக்கும் உறை போட்டு, சார்ஜர் துளையை மூடி வையுங்கள். உப்புக் காற்று முதலில் அரிப்பது அதைத்தான்.