இவ்வளவு இங்கிலீஷ் உனக்கு எப்படி வந்தது?

குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவி ஒருத்தியிடம் வகுப்பிலேயே கேட்ட கேள்வி இது. தோள்சீலைப் போராட்டம் பற்றி அவள் ஆங்கிலத்தில் எழுதிய அசைன்மென்டை, ஏஐ எழுதியதென்று டிடெக்டர் சொன்னதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்.

டிடெக்டரின் யோக்கியதையைப் பார்ப்போம். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கு மேல் எந்திரம் எழுதியதென்று அவை முத்திரை குத்தின. எளிய சொற்களில் எழுதியதுதான் குற்றம். ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய டிடெக்டரைத் துல்லியம் போதவில்லையென்று அதே ஆண்டு ஜூலையில் கைவிட்டது.

பேராசிரியர் மாமாவும் வக்கீல் அத்தையும் திருத்திக் கொடுத்த கட்டுரைகளை எந்தக் கருவியில் போட்டீர்கள்? கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் காசுக்குக் கிடைக்கும் புராஜெக்ட்டுக்கு, பைண்டிங்கைப் பார்த்தே மதிப்பெண் போட்டதில்லையா? சந்தேகம் மட்டும் ஏன் ஆள் பார்த்து வருகிறது?

அவள் சாட்பாட்டைத் தொடவே இல்லை என்று நான் வாதாடவில்லை. தான் எழுதியதை இலக்கணம் திருத்தக் கொடுத்திருக்கிறாள். அதில் எனக்குப் புகாரில்லை. ஆனால் ஒரு பத்தி முழுக்க அது எழுதியது: 1859இல் திருவிதாங்கூர் மன்னர் பெருந்தன்மையோடு உரிமை வழங்கினாராம்! அந்தப் பிரகடனம் சொன்னது என்ன? நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியை முக்குவப் பெண்களைப் போலக் கட்டலாம், மார்பை எப்படியும் மறைக்கலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. அதுவும் பல பத்தாண்டுப் போராட்டத்துக்கும் சென்னை மாகாண அரசின் நெருக்கடிக்கும் பிறகு.

எந்திரத்தை மட்டும் திட்டி என்ன பயன்? 2019இல் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து உடை பற்றிய அத்தியாயத்தையே என்சிஇஆர்டி நீக்கியது. தோள்சீலை அதில்தான் இருந்தது. நீக்குகிறவர்கள் நீக்க, மிஞ்சியதைப் படித்துவிட்டு அது பேசுகிறது.

அவளிடம் சொன்னேன்: "அந்தப் பத்திய வெட்டு மக்கா. பிரகடனத்தத் தேடிப் படிச்சு நீயே எழுது. சாட்பாட்ட எதுக்கெல்லாம் பயன்படுத்தினேன்னு கடைசியில நாலு வரி போடு." துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிடெக்டரை மூடிவிட்டு, மாணவியை எதிரே உட்கார வைத்துப் பத்து நிமிடம் கேள்வி கேளுங்கள். வகுப்பு மொத்தத்தையும் அப்படியே கேளுங்கள், வக்கீல் அத்தையின் மருமகனையும் சேர்த்து.

ஒரு வாரம் கழித்து வந்தாள். "அவங்கள மாதிரி உடுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுக் குடுத்தா, அது எப்படிக்கா உரிமையாவும்?" என்றாள். அந்தக் கேள்வியில்தான் புதிய கட்டுரை தொடங்குகிறது. துறை இன்னும் அவளைக் கூப்பிடவில்லை.