ஸ்பேனர் நம்ம கையில இருக்கட்டும்

பள்ளத்தூரில் எங்க வீட்டுப் பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு வைத்தியம் நான்தான். உத்தர்பாரா ஆலை 2014-லேயே மூடியாச்சு, வண்டி இன்னும் ஓடுது. நம்ம செம்மண் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கும், அடிக்கடி தட்டணும். பிளக்கில் கரி சுரண்டணும், பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்கணும். அவ்வளவுதான். புது வண்டியில், சில டிராக்டரில்கூட, பல கோளாறு எங்கேன்னு பார்க்கவே கம்ப்யூட்டர் வேணும். ஆண்டுதோறும் வீரிய விதைக்குக் கடை வாசலில் நிற்கிற அதே கதை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் ஒன்றிய அரசு அமைத்த குழு எடுத்துக்கொண்ட துறைகளில் வேளாண் கருவிகளும் உண்டு. டிராக்டர் வாங்கும்போதே பழுதுபார்க்கும் கையேட்டைக் கேட்டு வாங்குங்க.

வீட்டிலேயே ஆயில் மாற்றினால் கழிவு ஆயிலை வரப்பில் ஊற்றாதீங்க. கன உலோகம் கலந்தது, மண்புழு தாங்காது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிறவரிடம் கொடுங்க.